நகரச் செய்தியை எங்கிருந்து பெறுவது: நாளிதழ், தெருக் குழு, சந்தா மடல் – ஓர் ஒப்பீடு

நகரத்தில் குடியிருக்கும் ஒருவர் தம் ஊரைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை மிக அதிகமில்லை. ஆனால் அவை தெரியாமல் போனால் நட்டம் அவருக்குத்தான். எந்தத் தெருவை எப்போது தோண்டப் போகிறார்கள், சொத்து வரி எவ்வளவு உயரப் போகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காலிமனையில் என்ன கட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள், பேருந்துத் தடம் ஏன் மாற்றப்பட்டது என்பன போன்ற செய்திகள், தலைநகரத்து அரசியலைவிட நேரடியாக அவருடைய அன்றாட வாழ்க்கையைத் தொடுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இவற்றுக்கெல்லாம் காலை நாளிதழின் உள்ளூர்ப் பக்கம் ஒன்றே வழியாக இருந்தது. இப்போது தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, தனிச் செய்தியாளர்கள் நடத்தும் மின்னஞ்சல் மடல்கள் சந்தா கேட்கின்றன, நகர்மன்றமே தன் கூட்டத்தை நேரலையில் காட்டுகிறது, நாளிதழும் ஏதோவொரு வடிவில் தொடர்கிறது. ஒருவரிடம் உள்ள நேரமும் பணமும் அளவானவை. ஆகவே எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

இத்தகைய ஒப்பீடுகளில் வேகம், கட்டணம், படிக்க வசதியாக இருப்பது ஆகிய மூன்றையும்தான் பெரும்பாலும் முதலில் வைக்கிறார்கள். என் கணக்கில் அவை பின்னால் வர வேண்டியவை. பரபரப்பாக எதுவும் நடக்காத நாளிலும் நகர்மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, தீர்மானங்களை வரிவரியாகப் படித்து, புரியாததை அதிகாரியிடம் கேட்டு எழுதுவதற்கு யாருக்காவது சம்பளம் கொடுக்கப்படுகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அப்படி ஒருவர் இருந்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவின் பெல் நகரத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 40,000 பேர்கூட இல்லாத, உழைக்கும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தச் சிறு நகரத்தின் நிர்வாகி ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்க அதிபருக்கே ஆண்டுச் சம்பளம் 4 லட்சம் டாலர்தான். செய்தியாளர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் வீவெஸ் இருவரும் பெல்லைத் தேடிப் போகவில்லை. பக்கத்து நகரமான மேவுட் தன் பணிகளைப் பெல்லிடம் ஒப்படைக்க இருந்ததைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் இந்தத் துப்பு அவர்கள் கையில் சிக்கியது. அடுத்த ஆண்டு அந்த நாளிதழுக்கு, இதழியலுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2014 இல் ரிஸோவுக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பரிசு பெற்ற கதையாகவே இது எப்போதும் சொல்லப்படுகிறது. எனக்கோ, நாட்டின் மிகப் பெரிய நாளிதழ்களில் ஒன்று பக்கத்திலேயே இருந்தும் இந்தக் கொள்ளை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. பெல் நகர்மன்றக் கூட்டங்களுக்கு வழக்கமாகப் போய்வரும் செய்தியாளர் என்று யாரும் இருக்கவில்லை.

இந்த அளவுகோலோடு முதலில் நாளிதழைப் பார்ப்போம். நல்ல நிலையில் உள்ள ஒரு நாளிதழின் நகரப் பக்கத்துக்கு ஈடாக மற்ற வழிகளில் எதையும் சொல்ல முடியாது. நிருபர் எழுதியதைத் துணை ஆசிரியர் கேள்வி கேட்கிறார், அவதூறு வழக்கு வந்தால் சந்திக்க வழக்கறிஞர் இருக்கிறார், தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடும் கடமை இருக்கிறது, பத்தாண்டுக்கு முன் அதே மேம்பாலத்துக்குக் கொடுத்த வாக்குறுதியை எடுத்துக்காட்டப் பழைய இதழ்களின் தொகுப்பு இருக்கிறது. மேலும், நாளிதழில் நாம் தேடாத செய்தியும் கண்ணில் படும். அடுத்த வட்டாரத்துக் குடிநீர்ப் பிரச்சினை ஆறு மாதத்தில் நம் வட்டாரத்துக்கும் வரக்கூடியது என்பதால் அது சிறிய பயனில்லை.

ஆனால் அப்படிப்பட்ட நாளிதழ்கள் குறைந்துவருகின்றன. நகரப் பக்கத்தின் செலவை நெடுங்காலமாகத் தாங்கியவை வாடகைக்கு வீடு, வேலைக்கு ஆள், பழைய வாகனம் விற்பனை என்று பத்தி பத்தியாக வந்த வரி விளம்பரங்கள். 1995 இல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் அவற்றை இலவசமாக்கியபோது, விளம்பரத்தோடு சேர்ந்து நிருபரின் சம்பளமும் போயிற்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி எடுக்கும் கணக்கின்படி, 2005 முதல் அமெரிக்காவில் இருந்த செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன. மூடப்படாதவற்றில் பலவும் பெயரளவில்தான் இருக்கின்றன. முகப்பும் எழுத்துருவும் பழையபடியே இருக்கும்; உள்ளே அலுவலகங்கள் அனுப்பிய செய்திக் குறிப்புகளும் வேறு ஊரில் தயாரான பக்கங்களும் இடத்தை நிரப்பியிருக்கும். 2023 ஆகஸ்டில் கேனட் குழுமத்தின் கொலம்பஸ் டிஸ்பாட்ச் நாளிதழ் மென்பொருளை வைத்து எழுதவைத்த பள்ளிக் கால்பந்துச் செய்தி ஒன்றில், வென்ற அணியின் சின்னப் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘வென்ற அணியின் சின்னம்’ என்ற நிரப்புகுறியே அடைப்புக்குறிகளோடு வெளிவந்தது. பிழை எங்கும் நேரும். ஆனால் வெளியாவதற்கு முன் அந்த வரியை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது வேறு செய்தி.

நாளிதழ் போனால்தான் என்ன, பெரிய இதழ் ஒன்று மிச்சமிருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் சின்சினாட்டி போஸ்ட் நாளிதழின் கதை பதில் சொல்கிறது. அந்த இதழ் 2007 டிசம்பர் 31 அன்று நின்றது. அதைவிடப் பெரிய போட்டி இதழ் தொடர்ந்து வெளிவந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும், போஸ்ட் கவனமாகச் செய்தி சேகரித்துவந்த கென்டக்கிப் பகுதிச் சிறு நகரங்களைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அங்கே உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்களும் வாக்களிப்பவர்களும் குறைந்திருந்ததும், பதவியில் இருந்தவர்களே மீண்டும் வெல்வது கூடியிருந்ததும் தெரிந்தன. பணக் கணக்கும் உண்டு. உள்ளூர் இதழ் மூடப்பட்ட இடங்களில் நகராட்சிகள் கடன்பத்திரம் வெளியிடும்போது கொடுக்க வேண்டிய வட்டி சற்றே உயர்கிறது என்று 2020 இல் வெளியான நிதியியல் ஆய்வு ஒன்று காட்டியது. கண்காணிக்க ஆளில்லாத நகராட்சிக்குக் கடன் கொடுப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். அந்தக் கூடுதலை வரியாகக் கட்டுபவர், சந்தாவை மிச்சப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் அதே குடியிருப்பாளர்தான்.

ஆகவே நாளிதழுக்குச் சந்தா கட்டும் முன் ஒரு வாரம் அதன் நகரப் பக்கத்தை மட்டும் பென்சிலும் கையுமாகப் படித்துப் பார்க்கலாம். செய்தியாளர் பெயரோடு வந்தவை எத்தனை, அதிகாரியின் அறிக்கையை அப்படியே போட்டவை எத்தனை, அந்த அறிக்கையை மறுத்தோ சோதித்தோ இன்னொருவரிடம் கேட்டு எழுதியவை எத்தனை என்று குறித்துக்கொண்டால், ஏழாம் நாள் யாரையும் கேட்காமலேயே முடிவெடுத்துவிடலாம்.

அடுத்தது தெருக் குழுவும் ஃபேஸ்புக் வட்டாரக் குழுவும். இவற்றை இகழ்ந்து பேசுவது செய்தித் துறையினருக்குப் பழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. குழாய் உடைந்து தண்ணீர் ஓடுவது, மரம் விழுந்து பாதை அடைபட்டது, மின்சாரம் எந்தத் தெருவரை இல்லை என்பது போன்ற, இரண்டு மணி நேரத்தில் பழசாகிவிடும் தகவலுக்குக் குழுவை விஞ்சியது எதுவுமில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தவரே எழுதுகிறார். ஐயமிருந்தால் நாமும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தகவல் நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

2024 இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில் இது நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அந்நகர ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர், தெரிந்தவர் ஒருவரின் பூனை காணாமல் போனதாகவும் ஹெய்ட்டியிலிருந்து வந்து குடியேறியவர்களை அதில் சந்தேகிப்பதாகவும் எழுதினார். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரோ இன்னொருவரிடமிருந்து. பூனைக்கு உரியவர் என்று யாரும் நேரில் வந்து பேசவில்லை. பதிவின் படம் குழுவை விட்டு வெளியேறி நாடு முழுவதும் பரவியது. செப்டம்பர் 10 அன்று அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் உண்மை நிகழ்ச்சியாகவே பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த வெடிகுண்டு மிரட்டல்களால் அந்நகரத்தின் பள்ளிகளிலிருந்து குழந்தைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. விவாதத்துக்கு முன்பே உள்ளூர் நாளிதழான ஸ்பிரிங்ஃபீல்ட் நியூஸ்-சன், அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்று காவல்துறை சொன்னதை வெளியிட்டிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது பெரிய துப்பறியும் வேலை எதுவுமில்லை, காவல்துறையிடம் கேட்கும் ஒரு கேள்வி. குழுவில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் நடத்திய வலைப்பதிவு, கட்டடத்தை நிர்வகித்த அமைப்பு தீப்பாதுகாப்பில் அலட்சியம் காட்டுவதாகவும், பெரிய உயிர்ச்சேதம் நேர்ந்தால்தான் அது வெளியே தெரியவரும் என்றும் 2016 நவம்பரிலேயே எழுதியிருந்தது. உண்மை முதலில் தெரிவது குடியிருப்பவர்களுக்குத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அவர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுப்பானவர்கள் முன் வைத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்டு, நாட்டுக்குத் தெரியப்படுத்தும் வட்டாரச் செய்தியாளர் இல்லாமல் போனார். ஆகவே குழுவையும் செய்தியாளரையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைப்பதே தவறு என்று தோன்றுகிறது. குழு துப்புக் கொடுக்கும். அதற்குமேல் ஒருவர் வேண்டும்.

குழுக்களைப் பற்றி இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அவை இருப்பது பிறர் இடத்தில். செய்தி நிறுவனங்களுக்கு இணையத் தளங்கள் பணம் தர வேண்டும் என்ற கனடாவின் இணையச் செய்திச் சட்டத்துக்கு எதிர்ப்பாக மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்ட் முதல் அந்நாட்டில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளைத் தடுத்தது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்து மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற உள்ளூர்ச் செய்தியைக்கூட இணைப்பாகப் பகிர முடியாமல் படமெடுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வழி, அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படும் சந்தா மடல்களும் தனி உள்ளூர்த் தளங்களும். மான்செஸ்டரில் ஜோஷி ஹெர்மன் 2020 இல் தனியாளாகத் தொடங்கிய ‘தி மில்’ மின்னஞ்சல் மடல், வாசகர் சந்தாவிலேயே வளர்ந்து, ஷெஃபீல்ட், லிவர்பூல், பர்மிங்காம் என்று பிற நகரங்களுக்கும் தன் மாதிரியைக் கொண்டுசென்றது. இவை எண்ணிக்கையில் குறைவாக எழுதுகின்றன. எழுதுவதை நீளமாகவும் நிதானமாகவும் எழுதுகின்றன. ஒரு மனை ஒப்பந்தம் எப்படி முடிவானது, ஒரு பள்ளி ஏன் மூடப்பட்டது என்பதை முதலிலிருந்து இறுதிவரை புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இவற்றைப் பரிந்துரைக்கத் தயக்கமில்லை. ஆனால் எல்லாவற்றையும் இவை பார்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான்கைந்து பேர் வேலை செய்யும் இடத்தில், எதை எழுதுவது என்ற தேர்விலேயே எழுதப்படாதவை நிறைய நின்றுவிடும். சந்தா கட்டக்கூடிய வாசகர் வாழும் வட்டாரங்களின் பக்கம் தராசு சாய்வதும் இயல்பு.

இவற்றுக்குள் தேர்வு செய்யும்போது நடையழகைப் பார்த்து மயங்காமல், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் தெருத்தெருவாகச் செய்தி சேகரித்த டிஎன்ஏஇன்ஃபோ தளத்துக்கு உரிமையாளர் ஜோ ரிக்கெட்ஸ் என்ற செல்வந்தர். நியூயார்க் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்த ஒரு வாரத்தில், 2017 நவம்பர் 2 அன்று, அவர் அதையும் அதன் துணைத் தளமான கோதமிஸ்ட்டையும் ஒரே நாளில் மூடினார். 115 பேர் வேலையிழந்தார்கள். பழைய செய்திகளைத் தேடிப் போனவர்களுக்கு எந்தப் பக்கத்தைச் சொடுக்கினாலும் உரிமையாளரின் கடிதம்தான் வந்தது; பிறகுதான் தொகுப்பு மீண்டது. செல்வந்தரின் இடத்தில் அறக்கட்டளை வந்தால் நிலைத்துவிடும் என்றும் உறுதி சொல்ல முடியாது. 2 கோடி டாலருக்கு மேல் நன்கொடை திரட்டி 2023 இல் தொடங்கிய ஹூஸ்டன் லேண்டிங் என்ற செய்தித் தளம், 2025 இல் மூடப்பட்டது. அதே இலாப நோக்கற்ற அமைப்புமுறையில் 2022 இல் தொடங்கிய பால்டிமோர் பேனர், நியூயார்க் டைம்ஸுடன் இணைந்து செய்த உள்ளூர்ச் செய்திப் பணிக்காக 2025 இல் புலிட்சர் பெற்றது. முன்னது பெரிய நன்கொடைகளையே பெரிதும் நம்பியிருந்தது; பின்னது தொடக்கத்திலிருந்தே வாசகர் சந்தாவைத் தன் கணக்கில் முக்கியமாக வைத்திருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2014 முதல் இயங்கும் பிரிஸ்டல் கேபிள் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டுறவுச் சங்கமாகவே அமைந்திருக்கிறது: மாதந்தோறும் பணம் கட்டும் வாசகர்கள்தான் உரிமையாளர்கள், ஆண்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கும் உண்டு. மெதுவாக வளரும், பெரிதாக வளராது. ஒருவர் மனம் மாறியதால் ஒரே இரவில் மறையவும் மறையாது. என் சாய்வு இந்தப் பக்கம்தான்.

இடைத்தரகர் எவரும் வேண்டாம், ஆவணங்களையே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. நிகழ்ச்சி நிரல், ஒப்பந்தப்புள்ளி விவரம், கூட்டத்தின் நேரலை எல்லாம் இணையத்தில் கிடைக்கும் நகரங்களில் இது முடியக்கூடியதே. வீட்டுக்கு எதிரே வரவிருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைவிட நேர்வழி இல்லை. ஆண்டு முழுவதும் செய்வதென்றால் அது இன்னொரு வேலை. ஆவணம் கையில் கிடைத்தாலும் அதை நம்பலாமா என்பது தனிக் கேள்வி: பெல் நகரத்தில் ஒரு குடியிருப்பாளர் அதிகாரிகளின் சம்பள விவரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார், அவரிடம் கொடுக்கப்பட்ட தாளில் இருந்த எண்களே பொய். நான்கு மணி நேர நேரலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கித் தரச் சொல்லும் புதிய வழக்கத்துக்கும் இதே எல்லைதான். கூட்டத்தில் பேசியதை அது சுருக்கும். பேசாமல் தவிர்த்ததை அது அறியாது.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? ஓராண்டு, ஈராண்டு மட்டும் ஓர் ஊரில் வாடகைக்கு இருக்கப் போகிறவருக்குத் தெருக் குழுவும் நூலகத்தில் கிடைக்கும் நாளிதழும் போதும். சந்தாவுக்குச் செலவிட வேண்டியதில்லை. சொந்த வீடோ கடையோ வைத்திருப்பவரும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவரும் ஒரு சந்தாவையாவது கட்டுவது தங்கள் நலனுக்கே நல்லது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், பெயர்பெற்ற நாளிதழா, நேற்றுத் தொடங்கிய மடலா என்று பார்க்காமல், நகர்மன்றத்துக்கு நிரந்தரமாக ஒருவரை அனுப்புவது எதுவோ அதற்குக் கொடுக்கலாம். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இதில் சிறு சலுகை உண்டு: பிபிசி 2018 முதல் மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணப் பணத்திலிருந்து ஏறத்தாழ 165 செய்தியாளர்களுக்கான செலவை ஏற்று, அவர்களை உள்ளூர் இதழ்களில் பணியமர்த்தி, உள்ளாட்சி மன்றங்களைக் கவனிக்க வைக்கிறது, அவர்கள் எழுதுவதைத் திட்டத்தில் சேர்ந்த எல்லா இதழ்களும் எடுத்தாளலாம். பொதுப்பணம் செய்தியாளரை வளைத்துவிடும் என்ற அச்சம் பொதுவாக நியாயமானதுதான். இங்கே பணம் கொடுப்பது கண்காணிக்கப்படும் நகராட்சியாக இல்லாததால் அந்த அச்சம் குறைகிறது. நகராட்சியே நடத்தும் ‘செய்தி’ இதழை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மன்றத்துக்கு யாரையும் அனுப்பாத நாளிதழும், வதந்தி மண்டிய குழுவும் தவிர வேறொன்றும் இல்லாத நகரங்களும் நிறைய உள்ளன. அங்கே இருப்பவர் சந்தாப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குச் சிகாகோவில் ஒரு விடை இருக்கிறது. 2015 இல் அங்கே தொடங்கப்பட்ட சிட்டி பியூரோ என்ற அமைப்பு, சாதாரணக் குடியிருப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பொதுக்கூட்டங்களுக்கு அனுப்பி, குறிப்பெடுத்து வருவதற்குக் கூலியும் தருகிறது. அந்தக் குறிப்புகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற நகரங்களும் இதே முறையை எடுத்துக்கொண்டிருக்கின்றன. குறிப்பெடுப்பவர் செய்தியாளர் ஆகிவிட மாட்டார். அவர் எழுதுவது கட்டுரையும் ஆகாது. ஆனால் ஒரு குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினரில் நான்கு பேருக்குப் போக்குவரத்துச் செலவும் சிறு தொகையும் கொடுத்து முறைவைத்து இதைத் தொடங்கிவிட முடியும், அடுத்த கூட்டத்திலிருந்தே.